கொதிக்க வைக்காத துணி

போலீஸ் நாய் என்றால் மோப்பம் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடும், கடைசியில் திருடனின் வேட்டியைக் கவ்வி இழுக்கும் என்றுதான் ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சினிமா பார்த்துக் கெட்டுப்போன புத்தி. நாய்ப் பிரிவில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நாயோடு ஓடிய நேரத்தைவிட நான் துணி வேகவைத்த நேரம்தான் அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னை வடக்கே ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். நாலு மாதம் காய்ந்த ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு ஒரு வித்தையைக் கற்றுவந்தேன். ஒரு ஆள் உட்கார்ந்த நாற்காலியில், பிடித்த கைப்பிடியில் அவன் வாடை தங்கியிருக்கும். அதன்மேல் சுத்தமான பருத்தித் துணி ஒன்றைப் போட்டு, அலுமினியத் தாளால் மூடி, அரைமணி நேரம் விட்டால் துணி அந்த வாடையைக் குடித்துக்கொள்ளும். இடுக்கியால் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடிவிட வேண்டும். பிறகு சந்தேகப்பட்ட ஆட்களை வரிசையாக நிறுத்திவிட்டு நாய்க்குப் பாட்டிலைத் திறந்து காட்டினால், அது ஒவ்வொருவராக முகர்ந்துகொண்டே போய் அந்த வாடைக்காரன் முன்னால் உட்காரும். குரைக்காது, கடிக்காது. உட்காரும், அவ்வளவுதான்.

இதில் எல்லாமே துணியில் இருக்கிறது. அதில் வேறு யார் வாடையும் ஒட்டியிருக்கக் கூடாது. சோப்புப் போடாமல் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, கை படாமல் உலர்த்தி, பாட்டிலில் அடைத்து வைக்க வேண்டும். எங்கள் பிரிவில் இருந்தது நாய்களுக்குச் சோறு பொங்குகிற அடுப்பு ஒன்றுதான். அதில் வைத்தால் துணியெல்லாம் ஆட்டு எலும்பு மணக்கும். அதனால் எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரை அரசாங்க வேலைக்குப் போனது.

"அம்புட்டு போலீஸ்காரன் பொண்டாட்டியும் புருசன் சட்டையைத் தொவைக்கிறா. நான் திருடனுக்குத் துணி அவிச்சிக்கிட்டுக் கெடக்கேன்" என்பாள் என் மனைவி. திட்டிக்கொண்டே செய்வாள். ஆனால் என்னைவிட ஒழுங்காகச் செய்வாள். கொடியில் ஈ உட்கார்ந்தால்கூட அந்தத் துணியை மறுபடி கொப்பரையில் போட்டுவிடுவாள்.

என் நாய் ஒரு கறுப்பு லாப்ரடார், பொட்டை. பதிவேட்டில் அவளுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர் ஒன்று உண்டு. நான் கூப்பிட்டது தாயி. அவள் உட்கார்ந்த முதல் இரண்டு கேஸிலும் ஆள் சரியாக இருந்தான். திருப்பரங்குன்றத்துப் பக்கம் ஒரு கடையை உடைத்தவனை அவள் ஒன்பது பேர் நடுவில் காட்டிக்கொடுத்தபோது அதிகாரி என் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் நான் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து நிற்பான். அதை ரசித்தேன், பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் செல்லூர்ப் பக்கம் ஒரு சந்தில் அந்தச் சம்பவம் நடந்தது. பட்டப்பகல். கணவன் கடைக்குப் போயிருக்க, வீட்டில் தனியாக இருந்த ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒருவன் ஓடியிருக்கிறான். பிடித்துத் தள்ளியதில் அவள் படியில் விழுந்து மண்டை உடைந்து, பேச்சு மூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கு முன்னால் அவன் பீரோவின் கீழ்த்தட்டை நெம்புவதற்காக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எனக்கு அந்த ஸ்டூல் போதும்.

ஆனால் அன்றைக்கு என்னிடம் அவித்த துணி ஒன்றுகூட இல்லை. என் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகி எட்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் திருவாதவூர்ப் பக்கத்து வழக்கம், அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, துணி வெளுக்கக் கூடாது. நான் கொப்பரையைப் பற்றி வாயெடுத்ததுமே என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா வந்து எறங்கியிருக்கா. இப்பப் போயி துணிய அவின்னு சொன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்." எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

போன வாரம் வாங்கிய துணிக்கட்டு ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதே செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வாங்கிய வெள்ளை காடாத் துணி. காகிதம்கூடக் கலையவில்லை. கோடித் துணி. நாங்கள் கோடியை நனைக்க மாட்டோம். ஓரத்தில் மஞ்சள் தடவி அப்படியே சாமிக்குச் சாத்துவோம். யார் உடம்பிலும் படாத துணிக்கு வாடை எங்கிருந்து வரும், கட்டிய பிறகுதானே துணியில் ஆள் ஏறும் என்று நினைத்தேன். பயிற்சியில் புதுத் துணியையும் கொதிக்க வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வடக்கத்தியானுக்குக் கோடியின் அருமை என்ன தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதைவிட ஒரு மடத்தனம் உண்டா?

ஸ்டூலின்மேல் இடுக்கியால் துணியை விரித்துத் தாளால் மூடினேன். சந்துப் பெண்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். "என்ன சார், ஸ்டூலுக்குக் குளிரா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கூட்டம் சேர்ந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்குமா? கை படாமல் எடுப்பது ஏன், கண்ணாடி பாட்டில் எதற்கு, நாய் எப்படி உட்காரும் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

நாலாம் நாள் ஒரு ஸ்டேஷன் முற்றத்தில் ஏழு பேரை நிறுத்தினார்கள். அந்தச் சந்தில் வேலை பார்ப்பவர்கள், போவோர் வருவோர் என்று கையில் சிக்கியவர்கள்தான். ஐந்தாவதாக நின்றவர் ஒரு தறிக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து அப்படியே கூட்டி வந்திருக்கிறார்கள். தாயி பாட்டிலை முகர்ந்தாள். ஒவ்வொருவராகப் போனாள். தறிக்காரர் முன்னால் வந்ததும் கொஞ்சம்கூட யோசிக்காமல் உட்கார்ந்தாள்.

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது.

"அண்ணே, நான் அந்த வீட்டுப் படியே மிதிச்சதில்லண்ணே" என்றார் என்னைப் பார்த்து.

"நாய் பொய் சொல்லாதுய்யா" என்றேன். தாயியின் தலையைத் தடவி பிஸ்கட் கொடுத்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் அவர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எப்படிப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லாத வேலையில்தான் நான் இருந்தேன். அவர் ஜெயிலுக்குப் போனார்.

மகளுக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையைக் கழற்றிய பிறகு மறுபடி துணி வாங்கத் தறிக்கூடத்துக்குப் போனேன். ஆறு தறிகளில் ஐந்து ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"காடாத் துணி இல்ல சார். அந்தத் தறி நிக்குது."

"ஏன்?"

"ஏன்னு நீங்க கேக்குறீங்களா? உங்க நாய் பிடிச்சுக் குடுத்துச்சே, அவர்தான் அதுல ஆளு. நீங்க வாங்குற காடா அம்புட்டும் அவரு ஓட்டுனதுதான். அறுத்து மடிச்சுக் கட்டுறதும் அவர்தான்."

நான் அங்கேயே நின்றேன். பக்கத்துத் தறியில் ஒருவர் தார்க்கட்டையில் நூல் தீர்ந்ததும் வேறு கட்டையை நாடாவுக்குள் சொருகினார். நாடா என்பது ஊடை நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் கட்டை. அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை. அவர் நாடாவை உதட்டில் வைத்து உறிஞ்சினார். நூல் ஓட்டை வழியாக வாய்க்கு வந்தது. துப்பிவிட்டுத் தறியை ஓட்டினார். அடுத்த நிமிடம் பாவில் ஒரு இழை அறுந்தது. விரலை நாக்கில் தொட்டு முறுக்கி முடிந்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி என்று கேட்டேன். "அத யாருண்ணே எண்ணுனா?" என்றார்.

யார் உடம்பும் படாத கோடித் துணியாம்! மண்ணாங்கட்டி. முழம் முழமாக அவர் எச்சிலும் வேர்வையும் மூச்சும்தான் அதில் இருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்த திருடன் அந்த ஏழு பேரில் இல்லை. துணியை நெய்தவர் இருந்தார். நாய்க்கு நான் கொடுத்த வாடையை அது சரியாகக் கண்டுபிடித்தது.

இருந்தாலும் ஒரு நப்பாசை. அமாவாசைக்குத் தறிகளுக்கு விடுமுறை. முதலாளியிடம் கெஞ்சிக் கதவைத் திறக்கச் சொல்லி, தாயியைக் கூட்டிப்போனேன். அந்தத் துணிக்கட்டில் மிச்சமிருந்ததில், எந்தக் கேஸ் வீட்டுக்கும் எடுத்துப்போகாத ஒரு துண்டை அவளுக்குக் காட்டினேன். உட்காராதே தாயி, தயவு செய்து உட்காராதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். முதல் தறி, இரண்டாவது தறி. மூன்றாவது தறியில் ஆள் நிற்கிற இடத்துக்கு எதிரே உட்கார்ந்து, பிஸ்கட்டுக்காக என் முகத்தைப் பார்த்தாள். அது யார் தறி என்று முதலாளியிடம் நான் கேட்கவில்லை. அது ஒன்றில்தான் தூசி படிந்திருந்தது.

அன்றைக்கே விசாரணை அதிகாரியிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"எழுதித் தாரியா? தாராளமாக் குடு. நாளைக்கே உன் நாய் இதுக்கு முன்னாடி உக்காந்த கேஸையெல்லாம் வக்கீலுங்க தோண்டி எடுப்பானுங்க. வீட்டுல அம்மைன்னு அரசாங்கத் துணிய அவிக்கலைன்னு சொல்லுவியா? நாயும் போகும், நீயும் போவ. கையெழுத்துப் போட்டது அவன்தானே? போயி வேலையப் பாரு."

நான் எழுதித் தரவில்லை. சம்பளம், மகள், தாயி என்று நூறு காரணம் சொல்லலாம். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி என்ன ஏது என்று கேட்டாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், தான் கொப்பரையை எடுக்காததால்தான் இப்படி ஆனது என்று அவள் உருகிப்போவாள். அது அவள் தப்பு இல்லை, என்னுடையது.

மூன்று மாதம் கழித்து வேறு ஊரில் அந்தச் சங்கிலியோடு ஒருவன் பிடிபட்டான். ஸ்டூலில் உட்கார்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவனே ஒப்புக்கொண்டான். தறிக்காரரை விட்டுவிட்டார்கள். அப்பாடா என்று இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது? வெளியே வந்த ஒரு வாரத்தில் அவர் நாய்ப் பிரிவின் கேட்டில் வந்து நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. நான் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். நாய்க்கூண்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, என்னோடு வேலை பார்த்தவரிடம், "மாப்ள, நான் வெளியூர் டூட்டின்னு சொல்லிரு" என்றேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடி ஒளிந்தேன். அரைமணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போனார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாராம். அடிக்க வந்திருப்பார், சண்டை போட வந்திருப்பார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு காலையில் அவருடைய மனைவி வந்தாள். நான் கேட்டிலேயே மாட்டிக்கொண்டேன், ஒளிய வழியில்லை. கையில் மஞ்சள் பை.

"நேத்துக் காலைல போனவரு சார். இன்னும் வரல. உங்க நாயக் கொண்டு தேடித் தாங்க" என்றாள்.

பைக்குள்ளிருந்து ஒரு பெரிய ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள். கண்ணாடி பாட்டில். உள்ளே ஒரு சட்டை, சுருட்டி வைத்தது. "முந்தாநேத்து அவரு கழட்டிப் போட்டது. கை படல சார். அடுப்பு இடுக்கிய வெந்நியில போட்டு எடுத்து, அதாலதான் தூக்குனேன். பாட்டிலயும் வெந்நில அவிச்சு வெயில்ல காயவச்சேன். அன்னைக்கு நீங்க சொன்னத ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

நான் செய்யாததையெல்லாம் அவள் செய்திருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அனுமதி, கையெழுத்து எதற்கும் காத்திருக்காமல் தாயியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர்கள் வீடு ஒரே அறை. அவளுடைய மாமியார் மூலையில் உட்கார்ந்திருந்தார். இருவரும் தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். குஜராத்துப் பக்கமிருந்து எந்தக் காலத்திலோ நெசவுக்கு வந்த வம்சம். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பாட்டிலைத் திறந்து தாயிக்குக் காட்டினேன். அவள் மூக்கைத் தரையில் வைத்து இழுத்தாள். சந்து, தறிக்கூடம், அங்கே நிற்கவில்லை. குழாயடி, திருப்பம், பெரிய ரோடு. நானும் அந்தப் பெண்ணும் பின்னாலேயே ஓடினோம். சனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். "மறுபடியும் நாய் வந்துருச்சுடோய், அந்த ஆளு என்னத்தச் செஞ்சானோ" என்று ஒருவன் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் தாயி இரண்டு வட்டம் சுற்றினாள். ரோட்டோரத்தில் ஒரு இடத்தில் முகர்ந்துவிட்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"பஸ் ஏறியிருக்காரும்மா. இதுக்கு மேல நாய்க்குத் தெரியாது" என்றேன்.

"எந்த பஸ்ஸு?"

அந்த நிறுத்தத்தில் நாலு திசைக்கும் பஸ் நிற்கும்.

அவள் நிறுத்தத்துத் திட்டில் உட்கார்ந்தாள். "ஜெயில விட்டு வந்ததுலருந்து ஒரே கேள்விதாண்ணே" என்றாள். சார் போய் அண்ணே ஆகியிருந்தது. "நாய்க்கு யாரு மேலயும் விரோதம் இல்லியே, அது ஏன் எம்முன்னால உக்காந்துச்சுன்னு கேப்பாரு. தெருவுல யாரும் மொகம் குடுத்துப் பேசல. திருடன் ஆப்ட்ட பெறகும் இவரும் கூட்டாளியா இருப்பாருன்னு பேசுறாங்க. மொதலாளியும் தறி குடுக்கல. கடைசில இவருக்கே சந்தேகம் வந்துருச்சு. நான் தூக்கத்துல எந்திரிச்சுப் போனேனாடி, நீ பாத்தியா, என்கிட்ட மறைக்காத அப்படிம்பாரு. ஒரு நாளைக்கு மூணு தடவ குளிப்பாரு."

நான் அவளிடம் சொல்லிவிட்டேன். அம்மை போட்டது, கோடித் துணி, நாடாவை உறிஞ்சியது, மூன்றாவது தறி, அதிகாரி சொன்னது, நான் கூண்டுக்குப் பின்னால் ஒளிந்தது எல்லாவற்றையும். ஒரு பஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அம்புட்டுத்தான் நேரம் பிடித்தது.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். செருப்பைக் கழற்றினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"அவரு நெய்ஞ்ச துணியா?" என்றாள்.

"ஆமாம்மா."

"ரெண்டு தடவ வந்தாரே அண்ணே. இதக் கேக்கத்தானே வந்தாரு. உங்க மேல கேஸு போடவா வந்தாரு? நீ நெய்ஞ்ச துணிதாண்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வீட்டுக்கு வந்து சோறு தின்னுருப்பாரே." முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் ரோட்டில் நின்று அழுதேன். காக்கிச் சட்டையோடு, நாயைப் பிடித்துக்கொண்டு.

பிறகு எழுதிக் கொடுத்தேன். என்னை ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். தாயியை வேறொருவர் கையில் கொடுத்தார்கள். சந்தில் போய்ச் சொன்னேன், பஸ் ஸ்டாண்டுகளில் விசாரித்தேன், தறி ஓடுகிற ஊர்களுக்கெல்லாம் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

அன்றைக்கு அந்த நிறுத்தத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த அவள் என் கையிலிருந்த பாட்டிலைக் கேட்டு வாங்கினாள். மூடியை இறுக்கித் திருகினாள். இன்னும் ஒரு தடவை திருகிப் பார்த்தாள்.

"இதுல அவரு வாடை எம்புட்டு நாளைக்கு இருக்கும்ணே?" என்று கேட்டாள்.

"திறக்காம இருந்தா ரொம்ப நாள் இருக்கும்மா" என்றேன்.